தளம் போட்ட நாள்

தாராவி நாக்கா என்ற நாற்சந்தி முனையில் காலை ஆறரைக்கெல்லாம் நூறு பேர் நிற்பார்கள். கட்டட வேலைக்கு ஆள் பிடிக்கும் கணேசபாண்டியன் வந்து விரலை நீட்டுவான். அவன் காட்டியவருக்கு அன்று வேலை; மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பேராச்சி நான்கு வருஷமாக அங்கே நிற்பவள். பெண்ணாளுக்கு இரண்டு ரூபாய் கூலி.

அறுபத்தைந்தில் ஊர்ப்பக்கம் மழை பொய்த்தது. ரயில் ரயிலாகச் சனம் வந்து இறங்கியது. ஒரு திங்கட்கிழமை கணேசபாண்டியன், "இன்னிக்கு ஒண்ணேகா ரூவாதான். செம்பூர்ல தளம் போடணும். வாறவ வா," என்றான்.

"என்ன அண்ணாச்சி, போன வாரம் ரெண்டு ரூவா. அதுக்குள்ள எங்க கை சூம்பிப் போச்சா?" என்று கேட்டாள் பேராச்சி.

"கை சூம்பல. ஆளு பெருத்துப் போச்சு." புதிதாக வந்தவர்களை லாரியில் ஏறச் சொன்னான்.

பேராச்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏறப்போன ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏளா, எங்க சோத்துல மண்ணள்ளிப் போடவா ரயிலேறி வந்த?"

அவள் பெயர் சொர்ணம்மாள். கையை உதறினாள். "அங்க களையெடுத்தா எட்டணா. இப்ப அதுவும் இல்ல. நீ சோறு போடுவியா?"

சொர்ணம்மாள் லாரியில் ஏறினாள். லாரி போய்விட்டது. அவளும் பழைய ஆட்கள் பன்னிரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பத்தரை மணிக்கு லாரி திரும்பி வந்தது. கணேசபாண்டியன் குதித்து இறங்கினான். புது ஆட்களுக்குச் சாரத்தில் நின்று சட்டியைக் கைமாற்றத் தெரியவில்லை. கலவை பாதி வழியிலேயே இறுகுகிறதாம். "ஏறுங்க, ரெண்டு ரூவாயே தாறேன்."

"ரெண்டரை," என்றாள் பேராச்சி. "அங்க நிக்கவளுவளுக்கும் அதே."

"அவளுவ ஒனக்கு யாருளா?"

"அவளுவளுக்கு ஒண்ணேகான்னா நாளைக்கு எனக்கும் ஒண்ணேகாதான். சீக்கிரம் சொல்லும், கலவை காயுது."

கொடுத்தான். தளம் முடிந்தது. சொர்ணம்மாள் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு பேராச்சியைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் கூலி மறுபடி இரண்டு ரூபாய். பேராச்சியைத் தவிர எல்லாரையும் கூப்பிட்டான் கணேசபாண்டியன். ஒருத்தியும் தயங்கி நிற்கவில்லை. சொர்ணம்மாளும் தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள்.

"போங்களா, போங்க! ஒண்ணேகாலை ரெண்டாக்குனது யாருன்னு அவன்ட்டயே கேளுங்க!" பேராச்சியின் கத்தல் லாரிச் சத்தத்தில் அமுங்கியது.

தேவ்நார்வரை நடந்து வேறொரு ஆள்பிடிப்பவனைப் பார்த்தாள். ஒன்றரை ரூபாய் என்றான். "சரி," என்றாள்.