வேட்டிக்குச் சப்பாத்து

வலது சப்பாத்து ஏறிவிட்டது. இடது ஏறவில்லை. தவமலர் கணவரின் குதிக்காலைப் பிடித்து மெல்ல அழுத்தினாள்.

“வேட்டிக்குச் சப்பாத்தோ, அம்மா? சனம் என்ன சொல்லும்?” என்றான் மகன் கஜதீபன்.

“சொல்லட்டும். அவருக்குக் கால் குளிரும்.”

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ மயானத்தின் சிறு மண்டபத்தில் சொந்தமென்று அவர்கள் இருவரும்தான். பெட்டியின் மூடியோடு சுவரோரம் நின்ற மயான ஊழியரான டேனிஷ்காரி, அவசரமில்லை என்பதுபோல் தலையசைத்தாள்.

சப்பாத்தின் அடியில் செம்மண் ஒட்டியிருந்தது. அரிசோனாப் பாலைவனத்து மண். ஒரு காலத்தில் கிடங்கு வெட்டிச் செம்பு தோண்டிய, இப்போது சுற்றுலாக்காரர் மட்டும் வந்துபோகும் ஊர். சிவபாலன் யூடியூப்பில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட இடம். பங்குனியில் கூட்டிப்போனார்கள்.

“சனம் பாரிசுக்குப் போகுது. இந்த மனிசன் கிடங்கு பாக்க வந்திருக்கு,” என்று தவமலர் அங்கே வெயிலில் நின்று நக்கலடித்தாள். அவர் சிரித்தார்.

சிவபாலனின் நோய் முற்றிவிட்டது என்று டொக்டர் சொன்னதை, “மருந்து வேலை செய்யுதாம், அப்பா” என்று கஜதீபன் தமிழில் மாற்றிச் சொல்லி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாற்றச் சொன்னவள் தவமலர்தான். அழுதால் பிடிபட்டுவிடுவோம் என்று, கடைசிவரை மருந்தையும் சாப்பாட்டையும் பற்றி மட்டுமே அவரோடு கதைத்தாள். போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

“அப்பா ஒண்டும் தெரியாமல் நிம்மதியாப் போட்டார், என்னம்மா?”

அவள் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அரிசோனாவில் அந்தச் செம்புச் சுரங்கத்துக்குள், பழைய காலத்து இருட்டைப் பாருங்கள் என்று வழிகாட்டி விளக்கை அணைத்தான். சிவபாலன் அவள் கையைத் தேடிப் பிடித்தார். நாலு பேர் நிற்கும் இடத்தில் ஒருநாளும் கைபிடிக்காத மனிதர்.

“நான் முன்னுக்குப் போனாலும் நீர் ஆறுதலா, மெதுவா வாரும், மலர். பெடியன் பாவம். அவனை ஏசாதையும்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. இப்ப லைற் போட்டிடுவாங்கள்.”

தவமலரின் விரல்கள் நாடாவில் அப்படியே நின்றுவிட்டன.

“என்னம்மா?” கஜதீபன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்கள் வீங்கியிருந்தன.

“ஓம், ராசா,” என்றாள். “அவருக்கு ஒண்டும் தெரியாது.”

மகனும் டேனிஷ்காரியும் மூடியைத் தூக்கினார்கள். அவள் தலைமாட்டுப் பக்கம் வந்து சிவபாலனின் கையைப் பிடித்தாள். மூடி இறங்கியது.

“அம்மா, கை!”

கடைசி இடுக்கு வழியே கையை எடுத்தாள். விரல் நுனிகளில் செம்மண். டேனிஷ்காரி துடைக்க ஒரு கடதாசித் துவாயை நீட்டினாள்.

தவமலர் விரல்களை மடக்கிக்கொண்டாள்.