வீணைக்குப் பிடித்த குடை

இலட்சுமிப்பிள்ளை ஆசிரியையிடமிருந்து வந்த கடிதத்தில் சீதேவிப்பிள்ளையின் பெயர் இல்லை. "புஸ்பத்தின் வீணையைக் கேட்க விருப்பம். துணைக்கு வாசிக்க யாரையேனும் அழைத்து வருக" என்றே எழுதியிருந்தது. புளியந்தீவு மாதர் சங்கக் கூட்டத்தில் அக்கடிதம் வாசிக்கப்பட்டபோது, எல்லாரும் மகிழ்ந்தனர். சீதேவிப்பிள்ளையும் மகிழ்ந்தவள் போல் தலையசைத்தாள்.

1938ஆம் ஆண்டு சங்கத்தார் இரு பெண்களைப் பாராட்ட எண்ணியிருந்தனர். ஒருவர் காத்தான்குடி ஸஹீதா உம்மா. ஊர்ப்பேச்சைப் பொருட்படுத்தாது, நெசவு செய்யும் பெண்பிள்ளைகளைத் தம் தறிக்கொட்டிலில் கூட்டி எழுத்தறிவித்தவர். மற்றவர் இலட்சுமிப்பிள்ளை ஆசிரியை. எட்டாண்டுகளுக்கு முன், அவரது பள்ளியில் சலவைத் தொழில் செய்வோரின் பிள்ளைகள் வாங்குப் பலகையில் இருக்கலாகாது என்று பெரியோர் சிலர் தடுத்தனர். அவரோ வாங்குகள் அனைத்தையும் வெளியே போடச் செய்து, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தரையில் இருத்திப் பாடம் நடத்தினார். அவ்வாங்குகளின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கியவள், அப்போது அங்கே உதவி ஆசிரியையாக இருந்த சீதேவிப்பிள்ளை. எதிர்த்தோர் எறிந்த கற்களுள் ஒன்றின் தழும்பு இன்றும் அவள் புருவத்தில் உண்டு. அந்நாளில் புஸ்பம் பாவாடை கட்டிய சிறுமி.

மேடையும் மாலையும் வேண்டா என்று இருவரும் மறுத்துவிட்டமையால், வாவிக்கு அப்பால் படுவான்கரையிலுள்ள ஆசிரியையின் வீட்டுக் கூடத்தில், முப்பது பேர் அமர்ந்து கேட்கும் சிறு கச்சேரியாக நடத்துவதென முடிவாயிற்று. இருவரைப் பற்றிய பாட்டுக்கு இசையமைத்தவள் புஸ்பம். ஆகவே தொடக்கத்தில் கல்யாணி ஆலாபனையும் அவளுக்கே உரியதாயிற்று. சீதேவிப்பிள்ளைக்கு வாய்த்தது, வீணை போன வழியில் வயலினைக் கொண்டு போவது. புளியந்தீவுக்கு மாற்றலாகி வந்தபின்னரே அவள் வயலின் கற்றிருந்தாள். ஆசிரியையின் முன்னிலையில் பத்து நிமிடம் தனித்து வாசிக்க வேண்டும் என்பதே அவளது ஆசையெல்லாம். அந்தப் பத்து நிமிடமும் இப்போது புஸ்பத்தினுடையது.

ஆவணி மாதம். கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது. முற்பகலில் கந்தப்போடியின் தோணியில் இருவரும் வாவியைக் கடந்தனர். இருந்தது ஒரே குடை. புஸ்பம் சேலைத் தலைப்பால் முக்காடிட்டுக்கொண்டு, குடையை வீணையின்மேல் பிடித்திருந்தாள். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. வெயில் பட்டால் மெழுகு இளகி மெட்டுகள் இடம் பெயர்ந்துவிடும்.

நடு வாவியில் தோணி சேற்று மேட்டில் ஏறிக்கொண்டது. பாரம் குறைய வேண்டும் என்றான் கந்தப்போடி. புஸ்பம் சற்றும் யோசியாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு நீரில் இறங்கினாள்.

"வீணையப் பாத்துக்கங்க அக்கா. குடைய மட்டும் எடுத்திராதீங்க" என்று குடையை நீட்டினாள்.

"போடியார், நீங்க தள்றதவிட இந்தப் புள்ள தள்றதுதான் பலமா இருக்கும்" என்று தன்னைத்தானே புகழ்ந்து சிரித்தபடி, அவள் தோணியின் பின்புறம் சென்றாள். கந்தப்போடியும் சிரித்தான். எவரையும் இவ்வாறு சிரிக்கவைக்கும் அந்தத் திறமையையும் சீதேவிப்பிள்ளையால் பொறுக்க இயலவில்லை.

சிறிது நேரம் அவள் குடையை வீணையின்மேல் பிடித்திருந்தாள். பின்னர் மடியிலிருந்த வயலின் பெட்டிக்கும் வெயில் ஆகாதே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். குடை மெல்லச் சரிந்தது. வீணையின் துணியுறை வெயிலில் கிடந்தது. தோணி அசைய அரை மணி நேரம் சென்றது. புஸ்பம் ஏறி வந்தபோது குடை மறுபடியும் வீணையின்மேல் இருந்தது.

ஆசிரியையின் கூடத்தில் நிலத்தில் பாய் விரித்திருந்தனர். இரு பெருமாட்டியரும் ஏனையோரோடு அதிலேயே அமர்ந்திருந்தனர். புஸ்பம் உறையை நீக்கிச் சுருதி கூட்டத் தொடங்கினாள். கூட்டினாள், மறுபடி கூட்டினாள்.

"தறியில பாவு இழுக்கிற நாங்களே இவ்வளவு நேரம் எடுக்க மாட்டம் மகள்" என்றார் ஸஹீதா உம்மா. கூடம் சிரித்தது.

புஸ்பம் சிரிக்கவில்லை. மெட்டொன்றை விரலால் தொட்டாள். அது மெழுகோடு நகர்ந்தது. அதை மீண்டும் பதிக்கத் தெரிந்தவர் அக்கரையிலும் இல்லை, இக்கரையிலும் இல்லை. அவள் ஒரு கணம் சீதேவிப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பின்பு ஆசிரியையின் பக்கம் திரும்பி, வெயிலில் வீணை பழுதாகிவிட்டது என்றும், ஆலாபனையை அக்கா வாசிப்பார் என்றும் அமைதியாகக் கூறினாள்.

விரும்பியது இவ்வாறு கைக்கு வந்தது. சீதேவிப்பிள்ளை வில்லை எடுத்தாள். சுருதிக்கு என்ன செய்வது என்று அவள் தயங்கியபோது, பக்கத்திலிருந்து ஓசை எழுந்தது. புஸ்பம் வீணையை மடியில் கிடத்தி, மெட்டுகளைத் தொடாமல், வெறுந்தந்திகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டிக்கொண்டிருந்தாள். அந்த நாதத்தின்மேல் சீதேவிப்பிள்ளை கல்யாணியை வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். பாட்டின் இரு பகுதிகளையும் புஸ்பம் பாட, வயலின் உடன் சென்றது. வாங்குகளைத் தூக்கிய நாளைப் பாடும்போது ஆசிரியை கண்களைத் துடைத்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்ததும் ஆசிரியை சீதேவிப்பிள்ளையின் கையைப் பற்றி, அவள் வயலின் கற்றதைத் தமக்கு ஒருவரும் தெரிவிக்கவில்லையே, தெரிந்திருந்தால் அவள் பெயரையே முதலில் எழுதியிருக்கலாமே என்று வருந்தினார். அதன்பின் புஸ்பத்தின் பக்கம் திரும்பினார். "கெட்டுப்போன வீணைய வெச்சும் மத்தவளுக்குச் சுருதி குடுத்தியே மகள். அதுதான் எனக்குப் பெரிசாக் கிடக்கு" என்றார். அவர் கை இப்போது புஸ்பத்தின் தலைமேல் இருந்தது.

மாலையில் தோணி திரும்பியது. சாய்ந்த வெயில் இன்னும் சுட்டது. சீதேவிப்பிள்ளை குடையை விரித்து வீணையின்மேல் பிடித்தாள். அவளது வயலின் பெட்டி வெயிலில் கிடந்தது.

"இனி என்னத்துக்கு அக்கா?" என்றாள் புஸ்பம்.

"வரக்குள்ள நான் பிடிக்கல்ல."

"தெரியும். தண்ணிக்குள்ள நிண்டு பாத்தன். துணியுறை போட்டிருக்கே, கொஞ்சம் தாங்கும் எண்டு நினைச்சன்."

"பிறகு ஏன் அங்க சொல்லல்ல?"

"சொன்னா நீங்க வாசிச்சிருப்பீங்களா? அவங்க ரெண்டு பேரும் பாட்டுக் கேக்கத்தானே வந்து இருந்தவங்க."

சீதேவிப்பிள்ளை மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எண்ணினாள். ஆனால் இதையும் இவளே செய்துவிட்டாளே என்ற எரிச்சலே முந்திக்கொண்டு நெஞ்சில் எழுந்தது. அந்த எரிச்சலோடேயே, புளியந்தீவுத் துறை வரும்வரை, கை கடுத்தபோதும் குடையை அவள் மாற்றிப் பிடிக்கவில்லை.