கிடுகுத் தட்டிக்கு இரண்டு பக்கம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டினத்துக் கல்லூரிக் கட்டிடங்களை இராணுவம் எடுத்துக்கொண்டது. லண்டன் பல்கலைக்கழகச் சோதனைக்குப் படிக்கும் பெரிய வகுப்புகள் கொடிகாமத்தில் தேங்காய் குவித்துவைக்கும் ஒரு பழைய கொட்டகைக்கு, மடுவத்துக்கு, வந்து சேர்ந்தன. நடுவே தென்னோலை முடைந்த ஒரு கிடுகுத் தட்டி. இந்தப் பக்கம் சீவரத்தினம் மாஸ்ரரின் பௌதிகம். அந்தப் பக்கம் ஞானாம்பிகை ரீச்சரின் சரித்திரம்.

தலை நரைக்கும்வரை பட்டினத்துக் கல்லூரியில் ஒரே அறையில் படிப்பித்தவர் சீவரத்தினம். அங்கே சுவர் நிறையக் கரும்பலகை, கையெட்டும் தூரத்தில் தராசுகள். இங்கே தராசுத் தட்டுக் காற்றில் ஆடியது. தட்டிக்கு அப்பால் பிரெஞ்சுப் புரட்சி நடந்தது. அவர் குரலை உயர்த்தினார், ரீச்சரும் உயர்த்தினார். மாதம் முடியுமுன் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஒருநாள் இடைவேளையில் ரீச்சர் மல்லிக் கோப்பியோடு வந்தார்.

"குடியுங்கோ மாஸ்ரர். எனக்கும் தொண்டை நோகுது."

"நான் வேலையை விடப்போறன்," என்றார் அவர், கரகரத்த குரலில். "இஞ்சை படிப்பிக்கேலாது."

"பிரின்சிப்பலிட்டைச் சொன்னனீங்களோ?"

"அவருக்குத் தெரியாதே?"

"எப்பிடித் தெரியும்? அவர் இஞ்சை ஒரு பாடம் இருந்து பாக்கேல்லை. நாங்களும் வாய் திறக்கேல்லை."

சீவரத்தினத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் மனைவியிடம் மட்டுந்தான் புறுபுறுத்திருந்தார்.

அடுத்த முறை பிரின்சிப்பல் தில்லைநாதன் வந்தபோது, இருவரும் அவரைத் தட்டியோரம் உட்காரவைத்து, கத்தாமல் சாதாரணக் குரலில் பாடம் நடத்தினார்கள். பாடம் முடிந்ததும், மடுவத்தின் பின்பக்கம் இரசாயனம் படிப்பிக்கும் பரமலிங்கம் வந்து பட்டென்று கேட்டார்: "எங்களையும் கேட்டுப் பாட நேரசூசியைப் போட்டால் என்ன?"

"அது என்ரை வேலை," என்றார் தில்லைநாதன். முகம் சிவந்துவிட்டது.

சீவரத்தினம் தொண்டையைச் செருமினார். "ஓம் சேர், உங்கடை வேலைதான். ஆனால் அதுக்குள்ளை நிண்டு மாயிறது நாங்கள்."

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய நெடுநேரம் எடுத்தது. "சரி, சொல்லுங்கோ. எனக்கு இரண்டு பாடமும் கலந்துதான் கேட்டது."

அன்றைக்கே நேரசூசி மாறியது. ரீச்சர் பேசும் நேரம் இந்தப் பக்கம் செய்முறை. மாஸ்ரர் பேசும் நேரம் அந்தப் பக்கம் கட்டுரை எழுத்து. தராசு வேலை காற்று எழும்பாத காலையில். எல்லாம் சரியாகிவிடவில்லை. பரமலிங்கத்துக்குக் குழாய்த்தண்ணீர் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் வாளியையும் பிரின்சிப்பலையும் சேர்த்தே திட்டினார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் கூடியிருந்து குறை சொல்லும் வழக்கம் நிலைத்தது. சீவரத்தினம் வேலையை விடவில்லை.

யுத்தம் முடிந்து கட்டிடங்கள் திரும்பக் கிடைத்தன. சீவரத்தினத்தின் பழைய அறையும் கிடைத்தது. முதல் நாள் காலை, ஒருவரையும் கேட்காமல் போட்ட புது நேரசூசி சுவரில் தொங்கியது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ரீச்சருக்குத்தான் மத்தியானம் முழுக்க ஓய்வில்லாமல் பாடம்.

சீவரத்தினம் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"வாங்கோ ரீச்சர்," என்றார். "போய்க் கதைப்பம்."

இருவருமாகப் போய்ப் பிரின்சிப்பலின் கதவைத் தட்டினார்கள்.