மூன்று வீட்டுச் சன்னாசி

2017-ஆம் ஆண்டு மே மாதம், வருமான வரிப் பாரத்தை, அதாவது படிவத்தை, நிரப்பி அனுப்பிய மறுநாள் காலையில், சன்னாசி மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஈப்போ புந்தோங்கில் மூத்த மகன் சுகுமாரன் வீட்டுக் குளியலறையில் ஒருவர், தாப்பாவில் இளைய மகன் தர்மேந்திரன் வீட்டுக் குழாயடியில் ஒருவர், பத்து காஜாவில் மகள் தினேஸ்வரி வாழ்க்கைப்பட்ட வீட்டின் பின்கட்டில் ஒருவர். மூவருக்கும் அதே நரைத்த மீசை, அதே கட்டம் போட்ட கைலி. அந்த வாரம் ஈப்போவில் நல்ல மழை, கத்திரிக்காய் விலையும் ஏறியிருந்தது. அதனால் புந்தோங்கில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு எழவில்லை.

நடந்தது இதுதான். அந்த வருடப் பாரத்தில் அரசாங்கம் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்திருந்தது. வருமானமில்லாத வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு வரியில் கொஞ்சம் கழிவு உண்டு. ஒரு பிள்ளை கேட்டால் முழுக் கழிவும் அவருக்கே. பல பிள்ளைகள் கேட்டால் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சுகுமாரனுக்கு வங்கியில் வேலை. ஆகையால் தம்பி, தங்கை பாரங்களையும் அவனே வருடா வருடம் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு நிரப்பி அனுப்புவது வழக்கம். எத்தனை பேர் பங்கு என்று கேட்ட இடத்தில் மூன்று என்று போட்டான். தர்மேந்திரனுக்கு அது பிடிக்கவில்லை.

"கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு எதுக்குண்ணே பங்கு? அப்பா அந்த வீட்டு வாசப்படிகூட மிதிச்சதில்ல."

"சட்டத்துல மகன், மகள்னு பிரிக்கலலா. அவளும் மாசாமாசம் காசு அனுப்புறாதானே."

அப்பாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் வருமான வரி விஷயத்தில் யார் அப்பாவைக் கேட்கிறார்கள்?

மகள் வீட்டு வாசல் மிதிக்காத கதை கொஞ்சம் பழையது. சன்னாசி பிறந்து வளர்ந்தது பத்து காஜா போகும் வழியில் இருந்த ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்தில். இன்று அங்கே இரட்டை மாடி வீடுகளும் ஒரு கார் கழுவும் கடையும் இருக்கின்றன. அந்தத் தோட்டத்தில் வருமான வரி கட்டிய ஒரே தமிழர் கிராணி கதிரவேலு. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை முழுக்கால் சட்டைக்காரர், தொழிலாளிகளின் நாள்கணக்கை எழுதுகிறவர். அவர் வீட்டுக்கு விறகு கொண்டுபோகும் சிறுவர்களுக்குப் பின்கட்டுப் படிதான் எல்லை. சன்னாசியும் அந்தச் சிறுவர்களில் ஒருவர். பின்னாளில் தன் மூன்று பிள்ளைகளும் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கியபோது, அதைப் புந்தோங் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். வரி கட்டுவதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக்கொண்ட குடும்பத்தை இந்த வட்டாரம் அதற்கு முன் பார்த்ததில்லை. போகட்டும், மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்த தினேஸ்வரி காதலித்துக் கைப்பிடித்தது யாரை என்கிறீர்கள்? கிராணி கதிரவேலுவின் பேரன் ரதீசனை. சன்னாசி கோயிலுக்கு வந்து அட்சதை போட்டார், மாப்பிள்ளைக்கு மோதிரமும் போட்டார். கிராணி ஓய்வு பெற்றுப் பத்து காஜாவில் வாங்கிய அந்த வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன் என்றார். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை என்று ஊருக்கு ஒரு காரணம் சொன்னார். தினேஸ்வரி ஒவ்வொரு தீபாவளிக்கும் கூப்பிட்டாள், ஒவ்வொரு தீபாவளிக்கும் அழுதாள்.

எனவே அந்த மே மாதக் காலையில் பின்கட்டுப் படியில் அப்பாவைக் கண்டதும் அவள் எப்படி, ஏன் என்று எதுவும் கேட்கவில்லை. ஓடிப்போய்த் தேநீர் போட்டாள். வந்திருப்பது மூன்றில் ஒரு பங்குதான் என்பது தன் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் எடை பார்த்தபோது தெரிந்தது. ஆள் பார்வைக்கு முழுசாக இருந்தார், ஆனால் எடை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை. சோறும் அதே அளவுதான் சாப்பிட்டார். படியைத் தாண்டி உள்ளே வரச் சொன்னால், "பரவால்லம்மா, இங்கயே காத்து நல்லா வருது" என்பார். மாமியார் செல்லாச்சி, கிராணியின் மருமகள், முதல் வாரத்திலேயே பின்கட்டுக்கு ஒரு கட்டிலும் மின்விசிறியும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பங்கு பிரிந்ததில் ஒரு கோளாறு இருந்தது. கழிவுத் தொகை சமமாகப் பிரிந்ததே தவிர, சன்னாசி அப்படிப் பிரியவில்லை. ஈப்போவுக்குக் கோபம் மொத்தமும் போயிற்று. சுகுமாரன் வீட்டில் அவர் செய்தித்தாளையும் மருமகளின் ரசத்தையும் ஒரே குரலில் திட்டினார். தாப்பாவுக்குப் போனவரிடம் வேடிக்கையும் நான்கு நம்பர் லாட்டரி ஆசையும் இருந்தன, தர்மேந்திரனின் பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடித்தது. பழைய ஞாபகம் பூராவும் பத்து காஜாவுக்கு வந்துவிட்டது. மகன்கள் தோட்டத்தைப் பற்றி ஏதாவது கேட்டால், "அதெல்லாம் தினேசுகிட்ட இருக்கு, அங்க போன் போட்டுக் கேளு" என்று சொல்லிவிடுவார்.

தினேஸ்வரிக்கு அடித்தது யோகம். முப்பது வருடம் வாய் திறக்காத அப்பா பேசத் தொடங்கினார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கும் இடுப்பில் புகையும் கொசுவத்தியுமாக மரம் சீவப் போனது. சம்பள நாளில் சைக்கிளில் துணிமூட்டையோடு வரும் பாய். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட இரவுகளில், இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து கதாநாயகன் இடது கையால் சண்டை போடுவதைப் பார்த்தது. அந்த வாழ்க்கையில் வயிறு நிறைந்ததில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் சொல்லும்போது முகம் மலர்ந்துதான் இருந்தது, கேட்டவர்களுக்கும் அந்த ரப்பர் பால் வாடை ஏக்கமாக இருந்தது. செல்லாச்சியும் சமையலறைச் சன்னலருகே நாற்காலி போட்டுக் கேட்கலானார்.

அப்படித்தான் ஒரு நாள் அந்தச் சேதியும் வந்தது. சன்னாசிக்கும், பின்னாளில் அவர் மனைவியாகி இப்போது காலமாகிவிட்ட வீரம்மாவுக்கும் கல்யாணப் பேச்சே இல்லாத காலம். அவர் சீவும் மரங்களுக்கு அடுத்த நிரை அவளுடையது. ஒரு காலை திடீரென்று மழை கட்டியது. மழை விழுந்தால் மரத்தில் கட்டிய மங்கில், அந்தச் சிறு கோப்பையில், இருக்கும் பால் கெட்டுப்போகும். வீரம்மா தன் மங்குகளை அப்படியே விட்டுவிட்டு, காய்ச்சலோடு மரம் சீவிய சன்னாசியின் மங்குகளை ஓடி ஓடி வாளியில் ஊற்றினாள். அவள் பால் முழுக்கத் தண்ணீராயிற்று. கிராணி அவளுக்கு அரைநாள் சம்பளம்தான் எழுதினார். காரணம் சொல்லப் போன சன்னாசியைப் பின்கட்டுப் படியிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தினார். இதைச் சொன்னபோது சன்னாசியின் குரலில் கோபமே இல்லை. கோபம்தான் ஈப்போவில் இருந்ததே. செல்லாச்சி எழுந்து போய் வெகுநேரம் அடுப்படியில் நின்றார்.

பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு, 2022-இல் நிரப்பிய பாரத்தில் அந்தக் கட்டம் இல்லை. அரசாங்கம் சலுகையை நீட்டிக்கவில்லை. தாப்பாவில் இருந்தவர் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறி ஈப்போவுக்குப் போய், அங்கே இருந்தவரோடு ஒன்றாகிப்போனார். தர்மேந்திரனின் பிள்ளைகள் இரண்டு நாள் பள்ளிக்குப் போகாமல் அழுதார்கள். பத்து காஜாக்காரர் மட்டும் அசையவில்லை. ஆனால் வெளிச்சத்தில் பார்த்தால் அவர் தோள் வழியாக வாழைமரம் தெரிய ஆரம்பித்தது. தினேஸ்வரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அனுப்பி வைத்தால் அப்பா முழுசாவார், ஆனால் முழு அப்பா இந்த வீட்டுக்கு இனி வரவே மாட்டார். அனுப்பாவிட்டால் இப்படியே கரைந்துபோவார். கணவன் ரதீசனிடம்கூடச் சொல்லாமல் அவள் நாளைத் தள்ளினாள்.

வீரம்மாவின் நினைவு நாள் வந்தது. ஈப்போவில் படையல் போட்டிருந்தார்கள். இலையில் வடையும் பாயாசமும் அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் இருந்தன. வழக்கமாகச் சுகுமாரன் ஏற்றும் சூடத்தை அன்று சன்னாசியே ஏற்றிப் படத்தைப் பார்த்தார், பேரைச் சொல்லிக் கும்பிட வாயெடுத்தார், பேர் வரவில்லை. சூடம் அணைந்துபோயிற்று. கோபமும் வேடிக்கையும் மட்டுமே அறிந்த அந்த மனிதர் அன்று விம்மி விம்மி அழுதார். சுகுமாரன் தங்கைக்குப் போன் போட்டான்.

"தினேசு, அங்க இருக்கிறவர அனுப்பி வை. நான் காடி எடுத்துட்டு வாரேன்."

"அனுப்ப மாட்டேண்ணே."

"உனக்குப் பைத்தியமா? அம்மா பேரே அவருக்குத் தெரியலலா!"

"வேணும்னா அவரே வந்து எடுத்துக்கட்டும். வாசல் தொறந்துதான் இருக்கு." சொல்லிவிட்டுப் போனை வைத்தவள், போய் வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்தாள்.

அன்று மாலையே சுகுமாரனின் கார் பத்து காஜா வீட்டு முன்னால் வந்து நின்றது. சன்னாசி இறங்கினார், கேட்டருகே வந்ததும் கால் நகரவில்லை. முகம் சிவந்தது. இந்த வீட்டுக்குள் போகக்கூடாது என்பது மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரிந்தது, ஏன் என்பது தெரியவில்லை. செல்லாச்சி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு மழைத் தூறலில் கேட் வரை நடந்து வந்தார்.

"மாமா அண்டைக்கு எழுதினது பிழைதான் சம்பந்தி. கதவைச் சாத்தினது அதைவிடப் பிழை. உள்ளுக்கு வாங்கோ."

"எந்தக் கதவு? என்ன எழுதினாரு?"

"அது எனக்கும் தெரியும், பின்னால இருக்கிறவருக்கும் தெரியும். நீங்கள் வந்து கேளுங்கோ."

அப்போதுதான் பின்கட்டில் இருந்தவர் எழுந்தார். ஐந்து வருடம் தாண்டாத படியைத் தாண்டி, சமையலறையைக் கடந்து, கூடத்தின் நடுவில் வந்து நின்று, கேட்டருகே நின்ற தன்னைப் பார்த்தார். "ஏன்யா மழையில நிக்கிற? வீரம்மாவே இருந்தா நம்மள இப்படி நிக்க விடுவாளா? வாலா" என்றார். பேரைக் கேட்டதும் வெளியே நின்றவர் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். வாசப்படியில் ஒரு கணம் நின்றார். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். தினேஸ்வரி இந்தக் காலடிக்காகத்தான் இத்தனை தீபாவளி அழுதிருக்கிறாள்.

செல்லாச்சி இரண்டு கோப்பைத் தேநீர் ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நாற்காலியில் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார், நாற்காலியின் பிரம்பு நன்றாகவே அமுங்கியிருந்தது. சர்க்கரை தூக்கலாகப் போட்டதை அவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் திருப்பி எடுத்துப்போனார்.