சுடர் முதலில் இறங்கட்டும்

செப்டம்பர் பதினான்கு, திங்கட்கிழமை. அன்று விடியற்காலையில் மூன்றாம் தொட்டிக்குள் மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்க முதலாளி இசையவில்லை; அதனால் ஒரு பெண் மூச்சடைத்து விழுந்தாள். குறை இதுதான். இதில் கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை.

திராட்சை மது செய்யும் அந்த மதுக்கூடத்தில், நசுக்கிய பழம் ஒரு வாரம் தொட்டியில் நுரைத்துப் பொங்கும். மேலே திரளும் தோலை மரத்துடுப்பால் நாள்தோறும் மும்முறை அமுக்கவேண்டும். பதினோராண்டுகள் அமுக்கியதில் மூத்தவளின் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. நகக்கண்ணில் ஊறிய கருஞ்சிவப்பு எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, வேலைக்கு வந்து மூன்றே ஆண்டுகள். மூக்குக் கூர்மை என்று சொல்லி, முதலாளி அவளைச் சுவை பார்க்கும் முக்காலியில் அமர்த்திவிட்டார். கண்ணாடிக் குவளையும் வெள்ளைத் துண்டுமாக அவள் வீற்றிருப்பதைக் காணும்போதெல்லாம் மூத்தவளுக்கு வயிறு எரியும். ஒரே அடுக்களையில்தான் இருவருக்கும் சமையல். அங்கே மூத்தவள் பேசுவதெல்லாம் பாத்திரங்களோடுதான்.

அன்று தொட்டிக்குள் இறங்க ஆள் குறைவு. மதுவை வடித்தபின் அடியில் தங்கிய தோலை உள்ளே இறங்கி அள்ளிப் பிழிபொறிக்கு அனுப்பவேண்டும். பொங்கியபோது பிறந்த நச்சுக்காற்று கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் அடியிலேயே படுத்துக்கிடக்கும். ஆகவே கம்பியில் கட்டிய மெழுகுவர்த்தியை முதலில் இறக்குவது வழக்கம். சுடர் அணைந்தால் எவரும் இறங்கார். விசிறியை ஓடவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள்.

"மெழுகுவத்திய வேடிக்கை பாக்கவா சம்பளம்? லாரி வாசல்ல நிக்குது" என்ற முதலாளி, முக்காலிக்காரியையே இறங்கச் சொன்னார்.

அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை மூத்தவளின் கையில் இருந்தது. இறங்கட்டும், அவள் நகமும் கொஞ்சம் கறுக்கட்டும் என்று மனம் குளிர்ந்ததால் மூத்தவளும் வாய் திறக்கவில்லை.

மூன்று கூடைகள் மேலே வந்தன. நான்காவது வரவில்லை. மூத்தவள் கயிற்றைச் சுண்டினாள், உள்ளிருந்து பதில் இழுப்பு இல்லை. துடுப்புக்காரர்கள் ஓடிவந்து இழுத்துத் தூக்கினார்கள். உயிர் இருந்தது; மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

நண்பகலில் முதலாளி ஒரு தாளோடு முற்றத்துக்கு வந்தார்.

"அவளாத்தான் இறங்கினான்னு ஒரு கையெழுத்துப் போடு. நாளையிலேருந்து முக்காலி உனக்கு. எத்தன வருஷமா நீ அதையே பாத்துக்கிட்டிருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

பதினோராண்டுகளில் அவளுடைய காய்த்த கையைப் பாராதவர், வயிற்றெரிச்சலை மட்டும் சரியாகப் பார்த்துவைத்திருக்கிறார். மூத்தவள் தாளை விலக்கினாள்.

"பொறாமைதான் முதலாளி. இப்பவும் இருக்கு. ஆனா அவ கயிறு என் கையில இருந்துச்சு. எறங்கச் சொன்னது நீங்க, வாய மூடிக்கிட்டு நின்னது நான். ரெண்டையும் எழுதுங்க, போடறேன்."

"அப்போ உனக்கு இங்க வேலை இல்ல."

"அப்போ தோல நீங்களே அமுக்கிக்குங்க" என்றான் பின்னால் நின்ற மொட்டைத்தலைத் துடுப்புக்காரன். பதினேழு துடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் சாய்ந்தன.

மாலையில் மருத்துவமனைக் கட்டிலில் இளையவள் கண்விழித்தாள்.

"கயித்த விடலையேக்கா?"

"விடல. ஆனா முக்காலி மேல கண்ணு இன்னும் இருக்குடி."

"எழுந்து வந்து சண்டை போட்டுக்கலாம்."

துடுப்பைத் தொட ஆளில்லாமல் மதுக்கூடம் இன்றும் பூட்டிக்கிடக்கிறது. வாயிலில், ஏற்றிய ஒரு மெழுகுவர்த்தியோடு பதினேழு பேர் நிற்கிறார்கள், நடுவில் மூத்தவள். வாசகரே, உம் ஊரிலும் ஏதோ ஒரு தொட்டிக்குள் யாரோ இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போய், மனிதருக்கு முன் சுடர் இறங்கியதா என்று கேளும். விடை வரும்வரை நகராதீர்.