மணி அடிக்காமல் வந்த சாமியார்

வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கண்டோன்மெண்டில் எலிகள் செத்து விழ ஆரம்பித்த வருஷம் அது. அங்கிருந்த பிளாக்பள்ளித் தெருக்களில் ஜனங்கள் பிளேக்குக்குப் பயந்தது பாதி, சோதனைக்காரர்களுக்குப் பயந்தது மீதி. ஒரு வெள்ளைக்காரச் சார்ஜென்ட், ஒரு டாக்டர், இங்கிலீஷைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு குமாஸ்தா, பின்னால் டோலி தூக்கும் ஆட்கள் என்று ஒரு கூட்டம் வீடு வீடாக நுழையும். யாருக்காவது காய்ச்சலும் அக்குளில் நெறிகட்டியும் இருந்துவிட்டால் தீர்ந்தது கதை. நோயாளி பிளேக் ஆஸ்பத்திரிக்கு. வீட்டில் இருக்கும் மற்றவர்கள் ஊருக்கு வெளியே காம்ப் கொட்டகைக்கு. கூரை ஓட்டைப் பிரித்துப் போட்டு, பாய் தலையணையைக் கொளுத்திவிட்டுப் போவார்கள். இதற்குப் பெயர் வைத்தியமாம்! நல்ல உடம்போடு கொட்டகைக்குப் போனவர்களே அங்கே காய்ச்சல் கண்டு செத்தார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு.

அல்போன்சாவின் புருஷன் ரெமிஜியஸுக்குத் தானியக் கிடங்கில் வேலை. திங்கட்கிழமை தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் பாயில் விழுந்தான். சட்டையைக் கழற்றிப் பார்த்தவள் அக்குளைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. கதவைச் சாத்தினாள், ஜன்னலுக்குப் புடவை கட்டினாள். கேட்டவர்களிடம், வயிற்றுப்போக்கு என்று சொன்னாள். மகள் நோராவுக்கு ஒன்பது வயசு. அந்தப் பிள்ளையைக் கொட்டகையில் போட விடக் கூடாது, அவ்வளவுதான் அவள் நினைப்பு. புருஷன் பிழைக்க மாட்டான் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சொன்னால் பாவம்தான், ஆனாலும் அவன் சத்தம் போடாமல் போனால் போதும் என்றுகூட நினைத்தாள்.

அவன் சத்தம் போட்டான். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் பிதற்றலுக்கு நடுவே கண் தெளிந்து, "சாமியாரைக் கூப்புடு, அல்போன்சா" என்றான்.

"சும்மா படுங்க. எல்லாம் சரியாப் போயிடும்."

"சரியாப் போவாதுன்னு உனக்கும் தெரியும். நான் சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணி எத்தனை வருசம் ஆச்சு? இப்படியே செத்தா நேரா நரகம்தான். என்னை நரகத்துல தள்ளாத புள்ள."

கோயிலுக்குப் போகாமல் கள்ளுக்கடைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் வராத ஞானம் இப்போது வந்தது. சாமியார் சாகிறவனுக்கு நன்மை, அதாவது ஆண்டவரின் திருவுடலான அப்பம், கொண்டுவருவது என்றால் சும்மா வருவதா? முன்னால் கோயில்பிள்ளை மணி அடித்துக்கொண்டே நடப்பான். பின்னால் குடை, விளக்கு. மணிச் சத்தம் கேட்டதும் தெருவே வெளியே வந்து முழங்கால் போடும். இன்ன வீட்டில் ஆள் சாகக் கிடக்கிறது என்று தமுக்கு அடித்துச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான். மணியைக் கேட்டுச் சோதனைக்காரர்கள் வருவார்கள். நோராவைக் கொண்டுபோவார்கள்.

ஆனால் அவன் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான். நரகம் என்பது அவளுக்கும் கதை அல்ல. அவள் அப்பனும் பாட்டனும் நம்பியது, அவளும் நம்பியது. மத்தியானத்துக்குள் மூச்சு இழுக்கத் தொடங்கியது. இருட்டும்வரை தாங்காது. நோராவைப் பக்கத்து வீட்டுப் பியாட்ரிஸிடம் கூட்டிப்போனாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் பாத்துக்குங்க. யாராவது கேட்டா உங்க புள்ளைன்னு சொல்லுங்க."

பியாட்ரிஸுக்குச் சொல்லாமலே விளங்கியது. முகம் வெளுத்துப் போனாலும், "விட்டுட்டுப் போ, நான் இருக்கேன்" என்றாள். அவளைப்போல பக்தியுள்ளவள் அந்தத் தெருவில் கிடையாது.

யூஜின் சாமியார் பிரெஞ்சுக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மணி இல்லாமல், விளக்கு இல்லாமல், ஆண்டவரைத் திருடனைப்போல நான் எடுத்துக்கொண்டு வர வேண்டுமா?"

"ஆமா சாமி. திருடன் மாதிரியே வாங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், எனக்கு ஒரே புள்ள."

அவர் கழுத்துச் சிலுவையை எடுத்து முத்தமிட்டார். கடைசியில், நீ முன்னால் போ, நான் வெறுமனே உலாவ வருகிறவனைப்போல வருகிறேன் என்றார்.

வந்தார். வெறும் அங்கி, மேலே கறுப்புப் போர்வை. கையில் எதுவும் தெரியவில்லை. எல்லாம் சரி, ஆனால் பாழாய்ப்போன வழக்கம் விடுமா? நன்மையை நெஞ்சோடு வைத்திருக்கும் குருவானவர் வழியில் யாரோடும் பேச மாட்டார், வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்ல மாட்டார். வலது கையை மார்பில் அழுத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்த மனிதர் அப்படியே நடந்து வந்தார். வாசலில் நின்ற பியாட்ரிஸ், "ஸ்தோத்திரம் சாமி" என்றாள். பதில் வரவில்லை. அவள் பார்வை அவர் மார்பில் இருந்த கைக்குப் போனது. அடுத்த கணம் முக்காட்டை இழுத்துவிட்டுத் தெருப் புழுதியில் முழங்கால் போட்டாள். யோசித்துச் செய்ததல்ல, பால்குடி மறந்த நாளிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். அவளைப் பார்த்து எதிர் வீட்டார் போட்டார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வீட்டார். மணி இல்லாமலே தெரு முழுக்க மண்டியிட்டது. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த அல்போன்சா, "எழுந்திருங்கடி பாவிங்களா" என்று பல்லைக் கடித்தாள்.

தெருமுனையில் சோதனைக் கூட்டம் வந்து நின்றது. வேறு சபைக்காரச் சார்ஜென்டாக இருந்திருந்தால் ஏதோ பூசை என்று தாண்டிப் போயிருப்பான். வந்து வாய்த்தவன் ஐரிஷ்காரன், கத்தோலிக்கன். தொப்பியைக் கழற்றினான், சிலுவை போட்டுக்கொண்டு அவனும் முழங்காலிட்டான். சாமியார் எந்த வீட்டுக்குள் குனிந்து நுழைகிறார் என்று அங்கிருந்தபடியே பார்த்தான். பிறகு எழுந்து, முழங்கால் புழுதியைத் தட்டிவிட்டு, டோலியைக் கொண்டுவரச் சொன்னான்.

அவன் நல்லவன்தான் என்று சொல்ல வேண்டும். உள்ளே பாவசங்கீர்த்தனமும், சாகிறவனுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலும் முடியும்வரை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். எண்ணெய் ஈரம் நெற்றியில் காயாமலே ரெமிஜியஸைத் தூக்கி டோலியில் போட்டார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு அமைதியை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. கண்ணைத் திறக்காமலே இரண்டு மூச்சு விட்டான். மூன்றாவது வரவில்லை.

சார்ஜென்ட் ஏதோ கேட்டான். குமாஸ்தா சொன்னான்: "இந்த வூட்ல வேற யாரெல்லாம் இருக்காங்க?"

"நான் மட்டும்தான்."

"புள்ளைங்க?"

"எனக்குப் புள்ளை இல்லை."

தெரு கேட்டுக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் நோராவைத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அல்போன்சா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாமியார் அவள் பொய்யைக் கேட்டும் கேளாதவராக எண்ணெய்ச் சிமிழைத் துடைத்தார். அப்போது டாக்டர், பக்கத்து வீடுகளையும் பார்த்துவிடலாம் என்றார்.

பியாட்ரிஸின் கதவு திறந்தது. அவள் நோராவின் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இது அவ புள்ளைங்க. எங்க வூட்டுது இல்லை. இப்பத்தான் கொண்டாந்து உட்டா." பிறகு அல்போன்சாவிடம், அழுதுகொண்டே, "எனக்கும் மூணு இருக்குது தங்கச்சி, அதுங்களையும் சேத்துக் கொண்டுபோயிடுவாங்க. என்னை மன்னிச்சுக்கோ" என்றாள்.

மன்னிப்பதாவது! அந்தத் தலைமுடியைப் பிடித்து இழுத்து அதே புழுதியில் தேய்க்க அல்போன்சாவின் கை துடித்தது. ஆனால் நோரா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டோலி ஒரு பக்கம் போனது. இவர்கள் இருவரையும் இன்னொரு பக்கம், காம்புக்கு, நடத்திக் கூட்டிப்போனார்கள். பின்னால் ஓடுகளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, அப்பா மோட்சத்துக்குப் போயிட்டாரா?"

"போயிட்டாரு. நேரா போயிட்டாரு."

"அப்ப நல்லதுதானேம்மா?"

அல்போன்சா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒருவன் மோட்சம் போனதற்காக அவள் வயிறெரிந்தது அதுதான் முதல்முறை.