கால் மாற்றிப் போட்ட நடை

அந்தக் கல்லூரியில் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தொல்லை பிடித்த வழக்கம் உண்டு. அனிமேஷன் படம் செய்து கொடுத்தால் மட்டும் போதாது. முதல் வருடத்தில் வரைந்த குதிக்கும் பந்திலிருந்து அத்தனையையும் திரட்டி, ‘நான் வளர்ந்த கதை’ என்று நாலு பக்கம் எழுதியும் தர வேண்டும். வளர்ந்த கதையாம்! இருபத்திரண்டு வயதில் என்னத்தை வளர்ந்து கிழித்திருப்பார்கள்? போன வருடத்துப் பிள்ளைகள் எழுதியதையே அங்கே இங்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் நடப்பு. மரிக்கினா என்கிற ஊரில் ஆற்றங்கரைச் சந்தில் குடியிருந்த ஜெரலினும் அதைத்தான் செய்திருப்பாள், அவள் அண்ணன் உயிரோடு இருந்திருந்தால்.

அண்ணன் பெயர் ஜோமார். அவளுக்குக் குயா, அதாவது அண்ணன். ரொட்டிக்கடையில் வேலை. விடிந்ததும் விடியாததுமாகச் சூடான பன்தெசால் ரொட்டியைப் பை பையாகக் கட்டிக்கொண்டு சந்தில் வீடு வீடாகப் போடுவான். ஆகஸ்ட் மாத வெள்ளத்துக்குப் பிறகு வந்த எலிக்காய்ச்சல் பத்தே நாளில் அவனைக் கொண்டுபோய்விட்டது. இருபத்தொன்பது வயது. கல்யாணம்கூட ஆகவில்லை.

வெள்ளத்தன்று சந்திலிருந்த எல்லாரும் பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட்டார்கள். இவள்தான் “ஐயோ, என் கம்ப்யூட்டர்!” என்று அழுதாள்.

“அழாத புன்சோ. மூணு வருஷத்து வேல அதுக்குள்ள இருக்குல்ல, நான் எடுத்தாறேன்” என்றான் ஜோமார். புன்சோ என்றால் கடைக்குட்டி. மார்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய், அந்தப் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு திரும்பி வந்தான். பாதத்தில் சின்னதாக ஒரு கீறல், அவ்வளவுதான். பிறகு யாரும் ஜெரலினை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அதனால்தான் படத்தை மாற்றினாள். முன்பு எழுதி வைத்திருந்த கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒருவன் காலையில் சந்து முழுக்க ரொட்டி போட்டுக்கொண்டு நடக்கிறான் என்று மூன்று நிமிடப் படமாக ஆக்கினாள். கதவுகளை வரைந்தாள், நாய்களை வரைந்தாள், ரொட்டியின் ஆவியைக்கூட வரைந்தாள். நடையை மட்டும் கடைசிக்கு விட்டிருந்தாள். அதுதான் கையில் இருக்கிறதே என்று தைரியம். முதல் வருடத்தில் ‘ஓர் ஆளின் நடை’ என்று பயிற்சி வைத்தபோது அவள் வரைந்தது அண்ணனைத்தான். இப்போது படத்தில் அவன் நடக்க வேண்டும், அவனேதான் நடக்க வேண்டும். வேறு எவனோ நடந்தால் அந்தப் படம் யாருக்கு வேண்டும்? வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும் என்று கெடு. திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் பழைய நடையைத் திறந்தாள்.

திரையில் ஒருவன் நடந்தான். நிமிர்ந்த முதுகு, அளவான எட்டு, ராணுவக்காரன் கெட்டான். அது அவள் அண்ணன் இல்லை.

ஜோமாருக்கு ஒன்பது வயதில் கால் முறிந்தது. எலும்பு கோணலாகக் கூடி, ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. அவன் தாங்கித்தான் நடப்பான், ஊருக்கே தெரியும். பிறகு எப்படி இந்த நடை இவ்வளவு சீராக வந்தது? ஜெரலினுக்கு மெல்ல உறைத்தது. அனிமேஷன் படிக்கிற எல்லாரும் செய்கிற காரியம்தான். ஓர் எட்டு வைப்பதற்குப் பன்னிரண்டு படம் வரைவார்கள். அடுத்த எட்டுக்கு அதே பன்னிரண்டையும் கால் மாற்றிப் போட்டுவிடுவார்கள். பாதி வேலை மிச்சம். அவளும் நல்ல கால் முன்னே வைக்கிற எட்டை மட்டும் பார்த்து வரைந்தாள், மறு எட்டுக்குக் கால் மாற்றிப் போட்டாள். “ஒரு குறையும் இல்லாத நடை” என்று பான்லிலியோ சார் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டார். குறை எங்கிருந்து வரும்? அதைத்தான் அவள் துடைத்து எறிந்துவிட்டாளே!

வரைவதற்காக எடுத்த வீடியோ? அதையும் தேடினாள். சந்தில் அவனைப் பன்னிரண்டு தடவை நடக்கவிட்டு எடுத்தது. “ஏ டைரக்டரம்மா, இந்நேரம் பாகியோ மலைக்கே நடந்து போயிருப்பேன்டி. கூலி என்ன தருவ?” என்று அவன் கிண்டல் பண்ணிக்கொண்டே நடந்தது. மூன்றாம் வருடத்தில் பூதம் ஒன்று வெடித்துச் சிதறுகிற காட்சி செய்தபோது கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அவளே அதை அழித்திருக்கிறாள். பூதம் பத்திரமாக இருந்தது. பாழாய்ப்போன பூதம்.

தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த நடையை வரைந்து முடித்த அன்றைக்கு அண்ணனுக்குப் போட்டுக் காட்டியிருந்தாள்.

“யாருடி இவன்?”

“நீதான் குயா.”

“அட, மாப்பிள்ள கணக்கா நடக்கறானே! இன்னொரு தடவ போடு.”

நாலு தடவை பார்த்தான். சிரித்தான். பிறகு, “கால் ஒழுங்கா இருந்திருந்தா இப்படித்தான் நடந்திருப்பேன் போல” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். மடச்சி. அவன் முகத்தை அன்றைக்கு ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா?

சரி, மனதிலிருந்து வரைவோம் என்று உட்கார்ந்தாள். செவ்வாய் முழுக்க வரைந்தாள். குடிகாரன் மாதிரி வந்தது. கண்ணாடி முன்னால் தானே தாங்கித் தாங்கி நடந்து பார்த்தாள். கேலி செய்வது போல இருந்தது, வெட்கமாகப் போயிற்று. புதன்கிழமை காலையில் பென்சிலை வைத்துவிட்டு அழுதாள். காரணம் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். குட்டையான கால் இடதா வலதா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள், ஆட்கள் எப்படி அசைகிறார்கள் என்று பார்ப்பதையே படிப்பாகப் படித்தவள்.

அம்மாவிடம் கேட்கலாம்தான். அம்மாவை அவள் நானாய் என்று கூப்பிடுவாள். வீட்டு வாசலில் கோழிக்கஞ்சி விற்கிற நானாய், மகனுக்கு நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததிலிருந்து அவன் பெயரை வாயால் எடுப்பதில்லை. கேட்டு அவளை நோகடிக்க ஜெரலினுக்கு மனம் வரவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

நானாய் அடுப்படியில் நாளைக்கு வேண்டிய இஞ்சியைச் சீவிக்கொண்டிருந்தாள்.

“நானாய், குயாவுக்கு எந்தக் காலு?”

கத்தி நின்றது. “இடது. ஏன்?”

“படத்துல நடக்க வைக்கணும். எனக்கு வரமாட்டேங்குது. அப்போ நல்ல கால மட்டும் பாத்து வரஞ்சுட்டேன் நானாய். மறு கால நான் பாக்கவே இல்ல.”

நானாய் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு இஞ்சியைப் பார்த்தபடியே சொன்னாள்: “நான்தான் அவன எலும்பு நீவி விடுற கிழவிகிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகல. கோணலாக் கூடிப்போச்சு. அதுக்கப்புறம் அவன் நடக்கறப்பெல்லாம் நான் அந்தக் காலத்தான் பாத்தேன். இருபது வருஷம்டி. வேற எதையும் பாக்கல.”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “உன் போன எடு, படம் புடி. ஒழுங்காப் பாரு. இடது கால வைக்கறதுக்கு முன்னாடி யோசிக்கற மாதிரி ஒரு கணம் நிப்பான். அப்புறம் தோளு எறங்கும். வலது கால் பொத்துனு விழும்.”

நடந்தாள். அறுபது வயது, பருத்த உடம்பு, கஞ்சிக் கறை படிந்த ஏப்ரன். ஆனால் அடுப்பிலிருந்து வாசல் வரைக்குமான அந்த ஆறு எட்டில் ஜோமார் வந்துவிட்டான். தோள் இறங்கிய விதம் அவனேதான். ஜெரலின் போனை இரண்டு கையாலும் பிடித்தாள். வாய்விட்டு அழுதால் படம் ஆடிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நானாய் வாசலில் திரும்பினாள், அடுப்பு வரை நடந்தாள். மறுபடி வாசல், மறுபடி அடுப்பு. மூச்சு வாங்கியது. கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. ஆனாலும் நிற்கவில்லை.

“போதும் நானாய், எடுத்தாச்சு. உக்காரு.”

“சும்மா இருடி” என்றாள் நானாய், தாங்கி நடந்துகொண்டே. “நான் உக்காந்தா அவன் போயிருவான்.”

ஜெரலின் போனை இறக்கவில்லை. நானாய் நடந்துகொண்டே இருந்தாள்.